முனை திரும்பிய ஏழு கற்கள்

கற்களை அடுக்கிய அலமாரியின் மூன்றாவது தட்டில் இருந்த ஏழு கற்களின் முனைகளும் காலையில் சன்னலைப் பார்த்திருந்தன. தேநீர்க் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு அவள் வந்தபோது, அவை கதவைப் பார்த்திருந்தன. கதவருகே நின்றது அவள் ஒருத்திதான்.

அண்ணன் நகர்த்தியிருக்கக்கூடும் என்று முதலில் எண்ணினாள். ஆனால் நில அளவையரான அண்ணன் எந்தப் பொருளை நகர்த்தினாலும், அதன் பழைய இடத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டு நகர்த்தும் இயல்புடையவர். தட்டில் பென்சில் கோடு எதுவும் தென்படவில்லை. குனிந்து பார்த்தபோது, ஒவ்வொரு கல்லின் அடியிலும் படிந்திருந்த மெல்லிய தூசியில் ஒரு சிறிய வளைவு இழுபட்டிருந்தது. கல் தானாகவே உட்கார்ந்த இடத்தில் மெதுவாகத் திரும்பியதைப் போல.

பதினொரு ஆண்டுகளாக விடுமுறை நாள்களையெல்லாம் அவ்விருவரும் ஊருக்கு வெளியே இருந்த ஒரு வட்டமான பள்ளத்தில் கழித்திருந்தார்கள். எந்தக் காலத்திலோ வானிலிருந்து விழுந்த பெருங்கல் ஒன்று குடைந்த குழி அது என்பது அண்ணனின் உறுதியான நம்பிக்கை. அந்தத் துறையில் பட்டம் பெறாத இருவரின் சொல்லை யாரும் நம்பப் போவதில்லை என்பதால், அதற்குச் சான்று தேவைப்பட்டது. கூம்புக் கற்களே அந்தச் சான்று. அத்தகைய பேரடி விழும்போது அதன் அதிர்ச்சி பாறைக்குள் பாய்ந்து, குதிரைவால் விரிந்தாற்போன்ற வரிகளோடு பாறையைக் கூம்பு கூம்பாகப் பிளக்கும்; கூம்பின் முனை, அடி வந்த திசையைக் காட்டும். ஆகவே கல்லைப் பெயர்ப்பதற்கு முன்பே, அது கிடந்த நிலையை அதன்மேல் அம்புக்குறியாக வரைந்துவிட வேண்டும். வரையாமல் எடுத்த கல் வெறும் கல்தான்.

அந்த ஏழையும் அவள் வரையாமல் எடுத்திருந்தாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை அது. ஈரத்தில் மை ஒட்டவில்லை. அண்ணனோ வண்டிக்குள் இருந்தபடி ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். கற்களை அப்படியே பையில் போட்டுக்கொண்டு ஓடியவள், மறுநாள் தன் வேலையறையில் அமர்ந்து ஏழிலும் ஊகமாக அம்புக்குறிகளை வரைந்தாள். வரைபடத்தில் மற்றக் கற்களின் கோடுகள் அங்குமிங்கும் சிதற, அவளுடைய ஏழு கோடுகள் மட்டும் ஒரே புள்ளியில் அழகாகக் கூடின. அதை நம்பித்தான் அண்ணன் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். நாளைக் காலை பேராசிரியர் வருகிறார்.

“தட்டெல்லாம் துடைச்சாச்சா, இல்ல நின்னுக்கிட்டே தூங்குறியா?” கூடத்திலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

“துடைச்சிட்டேன்ணா.”

“அந்த ஏழையும் முன்னாடி வை. பதினோரு வருஷத்துல நீ உருப்படியா செஞ்சது அது ஒண்ணுதான். நாளைக்கு அவர் ஏதாவது கேட்டா நீ வாயத் திறக்காத. பல் செட்டு பண்றவள கூட்டிட்டுப் போயா கல்லு பொறுக்கினீங்கன்னு சிரிப்பாரு.”

பேராசிரியரின் முன்னால் பொய் வெளிப்பட்டால் அண்ணனின் பதினொரு ஆண்டுகளும் அந்த ஒரு காலையில் முடிந்துவிடும். விளக்கேற்றும் நேரத்துக்கு முன்பாக உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு, சொற்களை ஒழுங்குபடுத்திக்கொள்ளத் தன் வேலையறைக்குள் சென்றாள்.

பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்து கொடுக்கும் அறை அது. உலர்ந்த பிளாஸ்டரின் சுண்ணாம்பு வாசனையும் உருகிய மெழுகின் வாசனையும் அங்கே எப்போதும் தங்கியிருக்கும். சுவரை ஒட்டிய அலமாரியில், முன்பின் அறியாத மனிதர்களின் தாடை அச்சுகள் வாய் திறந்தபடி வரிசை வரிசையாக இருந்தன. மாலை வெயில் அவற்றின் பற்களில் மட்டும் மஞ்சளாகப் பட்டு, மேலண்ணப் பகுதிகளை நிழலில் விட்டிருந்தது. இன்று அந்த வாசனைகளுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. இரண்டு வெங்கச்சங்கற்களைத் தீப்பொறி பறக்க உரசினால் எழும் கருகல் நெடி.

“அண்ணா, அந்த ஏழு கல்லப் பத்தி ஒண்ணு சொல்லணும்,” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

டிக்.

சூடான கண்ணாடியில் தண்ணீர்த் துளி பட்டாற்போன்ற ஒலி. அலமாரியிலிருந்து வந்தது.

“அம்புக்குறி நான் ஊகமா போட்டதுண்ணா.”

டிக். டிக்.

அருகே சென்று பார்த்தாள். முதல் வரிசையின் தாடை அச்சுகளில், பற்களின் அடியிலிருந்து மயிரிழை போன்ற வரிகள் விரிந்திருந்தன. குதிரைவால் வரிகள். ஒவ்வொரு விரிசலின் முனையும் அவளை நோக்கி இருந்தது. இடப்பக்கம் இரண்டு அடி நகர்ந்தாள். காற்றில் பயிர் சாய்வதைப் போல வரிகள் அனைத்தும் இடப்பக்கம் சாய்ந்தன.

“பால் தீர்ந்துடுச்சு,” என்றாள், எதற்கென்று தெரியாமல்.

அமைதி.

“நாளைக்கு மழை வராது.”

அமைதி.

“மழையில வரையாம எடுத்துட்டேன்.”

டிக். ஒரு கடைவாய்ப்பல் உதிர்ந்து தரையில் விழுந்தது.

“யார்கிட்ட பேசிட்டிருக்க?”

அண்ணன் வாசலில் நின்றார். கையில் சுருட்டிய வரைபடம், காதில் பென்சில்.

“யாருமில்லண்ணா.”

“அம்புக்குறின்னு ஏதோ காதுல விழுந்துச்சே. அம்புக்குறிக்கு என்ன?”

பிளாஸ்டர்தானே, என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பதமாகக் காயாத பிளாஸ்டர் வெடிப்பது உலகத்தில் புதிதல்ல. இப்போது சொல்லாவிட்டால் நாளைக் காலை இவர் அந்நியர் ஒருவரின் முன்னால் தலைகுனிந்து நிற்க நேரிடும். அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“அந்த ஏழும்... நான் பொய்யா...”

டிக்.

இம்முறை அலமாரியிலிருந்து வரவில்லை.

அண்ணனின் இடக் கன்னத்தில், காதோரத்திலிருந்து மூக்கு வரை, மெல்லிய வரிகள் விரிந்திருந்தன. இரத்தம் இல்லை. வரிகளின் முனை அவளை நோக்கி இருந்தது. அவர் கன்னத்தைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை.

“முணுமுணுக்காத. என்ன பொய்?”

அவள் தலையை அசைத்தாள். பின்வாங்கினாள். மேசை இடித்தது. அவள் அசைந்த பக்கமாக, அவருடைய கன்னத்தின் வரிகளும் மெதுவாகத் திரும்பின.

“கேட்டா பதில் சொல்லணும். ஊமையாயிட்டியா?”

ஒரு துண்டுத் தாள் கிடைத்தது. மேசையிலிருந்த மெழுகுக் கத்தியைத் தள்ளிவிட்டுப் பென்சிலைத் தேடி எடுத்தாள். ‘கிட்ட வராதீங்க’ என்று எழுதி நீட்டினாள். அவர் அதைப் படிக்காமலே பறித்துக் கசக்கினார்.

“லெட்டர் போடுறியா எனக்கு? ஒரே வீட்ல இருந்துக்கிட்டு? பதினோரு வருஷம், பதினோரு வருஷம் உன்னையும் இழுத்துக்கிட்டு அந்தப் பள்ளத்துல அலைஞ்சிருக்கேன். அந்த ஏழு கல்லுல என்ன பண்ணி வச்சிருக்க? வாயத் திறந்து சொல்லு.”

அவள் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். கன்னத்திலிருந்து நகக்கண் அளவிலான கூம்பு ஒன்று, பாறையிலிருந்து பெயர்வதைப் போலச் சுத்தமாகக் கழன்று, தரையில் விழுந்தது. கருகல் நெடி. அது விழுந்த இடத்தில் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. முனை அவளுடைய பாதத்தை நோக்கி.

அவருக்குத் தெரியவில்லை. வலிக்கவும் இல்லை போலும்.

“என்னடி மூஞ்சியவே பாக்குற?”

அழுகை வந்தது. விழுங்கினாள். அழுகையும் சொல்லிவிடுமோ என்று பயந்தாள்.

அவர் வரைபடத்தைக் கீழே போட்டார். அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். அவருடைய விரல்களிலும் வரிகள் இருந்தன, நகத்திலிருந்து முட்டி வரை. சாம்பல் நிறம். கல்லைப் போலக் குளிர்ந்திருந்தன. அவளுடைய வாயை மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினார். சுண்டுவிரல். மோதிரவிரல்.

உதடுகளைக் கடித்தாள்.

நடுவிரல்.

“சரி,” என்றார் அண்ணன். குரல் திடீரெனத் தணிந்திருந்தது; பல ஆண்டுகளாக அவள் கேட்டறியாத பொறுமை அதில் இருந்தது. “சத்தமா சொல்ல வேணாம். என் காதுல சொல்லு. நான் திட்ட மாட்டேன்.”

தலையைச் சாய்த்து, வரிகள் அத்தனையும் ஒரே புள்ளியில் கூடியிருந்த தன் இடக்காதை, அவளுடைய உதடுகளில் படும்படி வைத்துக்கொண்டு, அவர் காத்திருந்தார்.