புதன்கிழமை மட்டும் மயங்காதவள்

அந்தி மணி அடிக்கத் தொடங்கியபோது மரிய புஷ்பத்துக்கு உயிர் இருந்தது. மணி ஓய்ந்தபோது இல்லை.

1946-ஆம் வருஷம், சித்திரை வெக்கை, வியாழக்கிழமை. அரியலூரிலிருந்து ஏலாக்குறிச்சி போகிற சாலையில் மூன்று கல் தள்ளி இருக்கிறது சூசைநல்லூர். அங்கே கோயில் மணி கேட்டுவிட்டால் அடுப்பு, மாடு, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு முழங்காலிட்டுத் திரிகால செபம் சொல்வார்கள். சண்டையை மட்டும் செபம் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அன்று வாத்தியார் அடைக்கலசாமியின் வீட்டில் செபம் பாதியில் நின்றது. சற்றுமுன் கஷாயம் குடித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த வாத்தியாரின் மனைவிக்கு உதடு நீலம் பாரித்தது. கழுத்து துவண்டது. அவ்வளவுதான்.

வாத்தியாரின் அக்காள் சவரியம்மாள் போட்ட கூச்சலில் ஊரே வாசலுக்கு வந்துவிட்டது.

"விஷம் வெச்சுட்டா! கூடப் பொறந்தவளே விஷம் வெச்சுக் கொன்னுட்டா!"

கூடப் பிறந்தவள் சாந்தி மேரி, கையில் கஷாய டம்ளரோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அரியலூர் சப்-இன்ஸ்பெக்டர் ரஹ்மத்துல்லா வந்து சேர்ந்தார். லெப்பைக்குடிக்காட்டுக்காரர். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். உட்கார்ந்தால் மூளை நின்றுவிடும் என்பார். ஸ்டேஷனில் அவருடைய நாற்காலியில் பூனைதான் தூங்கும். வந்ததிலிருந்து கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே கேட்டார்.

"உங்க தம்பி எங்கம்மா?"

"பெரம்பலூர்ல வாத்தியார் வேலைங்க. சனிக்கெழமைதான் வருவான். ஆள் போயிருக்கு."

"தம்பி சம்சாரத்துக்கு என்ன உடம்பு?"

"நெஞ்சுல நோவு. போன வருசம் பெரம்பலூர் டாக்டர் பாத்து மருந்து குடுத்தாரு. ஒண்ணும் கேக்கல. இவ வந்தப்புறம்தாங்க மோசமாச்சு. ஒத்தாசைக்குன்னு வந்தா. அத்தான் மேல கண்ணு. ஊர்ல யாரை வேணும்னாலும் கேளுங்க."

"விஷம்னு எப்படிச் சொல்றீங்க?"

"ஞாயித்துக்கெழமை அந்திக்கு இவ கஷாயம் குடுத்தா, அவ மயங்குனா. திங்கள் மயங்குனா. செவ்வா மயங்குனா. நேத்து போயே போயிட்டா. காலையில நல்லாத்தாங்க படுத்திருப்பா. இவ டம்ளரத் தூக்கிட்டு வந்தாத்தான் ஆபத்து."

"புதன்கிழமை?"

சவரியம்மாள் யோசித்தாள். "அன்னைக்கு நான் வூட்ல இல்லீங்க. வரதராசன்பேட்டையில ஒரு ஞானஸ்நானம். ராத்திரி திரும்பிட்டேன்."

"வந்தப்ப எப்படி இருந்தாங்க?"

"நல்லாத்தான் இருந்தா. சிரிச்சுக்கிட்டுப் படுத்திருந்தா."

ரஹ்மத்துல்லா நடையை நிறுத்தாமலே கட்டிலைச் சுற்றி வந்தார். கயிற்றுக் கட்டில், மேலே ஒரு ஜமுக்காளம். தலைமாட்டில் தலையணை இல்லை. என்னவோ அவரை உறுத்தியது, என்னவென்று பிடிபடவில்லை. அலமாரியில் பெரம்பலூர் டாக்டர் கொடுத்த மருந்து, பாதி பாட்டில். இருதயத்துக்கான மருந்து, அளவு மீறினால் அதுவே விஷம் என்று கூட வந்த ஏட்டு காதோடு சொன்னார். அடுப்படியில் ஓர் உரலுக்குப் பின்னால், குழந்தைகளுக்கு மருந்து புகட்டுகிற பித்தளைப் பாலாடை ஒன்று கிடந்தது. எடுத்து முகர்ந்தார். கஷாயத்தில் போட்ட மருதம்பட்டை வாசனை.

"இந்த வூட்ல கைக்குழந்தை உண்டா?"

"ஏதுங்க? புஷ்பத்துக்குத்தான் அந்தப் பாக்கியமே இல்லையே."

பாட்டிலையும் பாலாடையையும் ஏட்டு காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டார். உடல் வண்டியில் அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போனது. சாந்தி மேரி இன்னொரு வண்டியில் ஸ்டேஷனுக்குப் போனாள். வழியெல்லாம் ஊர்ச் சனம் அவள்மீது மண்ணை வாரித் தூற்றியது. அவள் முகத்தைத் துடைக்கக்கூட இல்லை.

நண்பகலுக்குள் மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. மாலைக்குள் பெண்ணை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குடலும் கஷாயமும் சென்னைக்குப் போய்ப் பரிசோதனை முடிந்து பதில் வர மாதக்கணக்காகும். அதுவரை திருச்சி ஜெயில். அங்கே போன பெண் நிரபராதி என்று திரும்பி வந்தாலும் எந்த ஊர் அவளைச் சேர்க்கும்? ரஹ்மத்துல்லாவுக்கும் வீட்டில் கல்யாண வயதில் ஒரு தங்கை இருந்தாள். அந்த நினைப்பே அவரை ஸ்டேஷன் வாசலுக்கும் வேப்பமரத்துக்குமாக விரட்டிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை. அதுதான் முள்ளாகக் குத்தியது. அன்றும் கஷாயம் கொடுத்தாளா?

"குடுத்தேங்க," என்றாள் சாந்தி மேரி. "தினமும் குடுக்குறதுதான்."

"அன்னைக்கு மயங்கலையா?"

"இல்லைங்க."

கஷாயம் கொடுத்தவள் அன்றும் இருந்தாள். இல்லாமல் போனவள் சவரியம்மாள் ஒருத்திதான். சவரியம்மாள் வீட்டில் இருந்தால் மயக்கம், இல்லாவிட்டால் சிரிப்பு. ரஹ்மத்துல்லாவுக்குச் சுரீரென்றது. கூச்சல் போட்டவளே கள்ளியா? பிள்ளை பெறாத தம்பி மனைவி தொலைந்தால் தம்பிக்கு வேறு இடத்தில் பெண் பார்க்கலாம் என்ற கணக்கா? ஆனால் அந்தக் கஷாயத்தைச் சவரியம்மாள் தொட்டதாக யாருமே சொல்லவில்லையே. சாந்தி மேரியைக் கேட்டால் அவளும் இல்லை என்றாள். தன் கழுத்துக்குச் சுருக்கு மாட்டியவளைக் காப்பாற்ற அவளுக்கு என்ன வந்தது?

ஆஸ்பத்திரிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். டாக்டர் சாமிதுரை கை கழுவிக்கொண்டிருந்தார். போன வருஷம்வரை பெரம்பலூரில் வேலை பார்த்துவிட்டு மாற்றலாகி வந்தவர். அலமாரியில் இருந்த அந்த மருந்தை எழுதிக் கொடுத்தவரே அவர்தான்.

"வயித்துல ஒண்ணும் தெரியல சார். சென்னைக்கு அனுப்பியாச்சு. அந்தப் பொண்ண எனக்கு ஞாபகம் இருக்கு. இருதய வால்வு சுருங்கின கேஸ்னு மருந்து குடுத்தேன். ஆனா ஒரு விஷயம் அப்பவே என்னைக் கொஞ்சம் கொழப்புச்சு."

"என்னது?"

"உட்கார வெச்சுக் குழாய வெச்சா நெஞ்சுல இரைச்சல் நல்லாக் கேட்டுச்சு. படுக்க வெச்சா காணோம். வால்வு கெட்டிருந்தா படுத்தாலும் கெட்டதுதானே? என் காதுலதான் கோளாறுன்னு விட்டுட்டேன்."

ரஹ்மத்துல்லாவின் கால்கள் நின்றன. ஏட்டு அவரை அப்படிப் பார்த்ததே இல்லை; பயந்துபோனார்.

அவருக்குத் தகப்பனாரின் நினைவு வந்தது, அவருடைய அத்தா. இருதயம் வீங்கி இறந்தவர். கடைசி நாட்களில் தலையணைகளை மலையாக அடுக்கி, அதில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் கண் அசருவார். படுக்க வைத்தால் மூச்சு முட்டி அலறுவார். இருதய நோய்க்காரர் வீட்டில் தலையணைக்குப் பஞ்சம் இருக்காது. மரிய புஷ்பத்தின் கட்டிலில் ஒன்றுகூட இல்லை. காலையிலிருந்து உறுத்தியது அதுதான்.

"டாக்டர், ஒடம்பக் குடுத்துடாதீங்க. இதோ வரேன்."

ஸ்டேஷனில் பாலாடையை எடுத்துச் சாந்தி மேரியின் முன்னால் வைத்தார்.

"இது யாருக்கு?"

அவள் முதல்முறையாக அழுதாள். "அக்காவுக்குங்க. எந்திரிச்சு உக்காந்தா அதுக்குக் கண்ணு இருட்டிக்கும். மூச்சு நின்னு நின்னு வரும். படுத்தா சரியாயிடும். படுத்துக்கிட்டே குடிக்கட்டும்னு இதுல புகட்டுவேன்."

"இத ஏன் ஒளிச்சு வெச்சே?"

"சவரியம்மா அண்ணி ஏசுவாங்க. நோயாளியக் கொழந்தையாட்டம் கெடுக்குறேன்னு. அவுங்க இருந்தா டம்ளர்ல குடுப்பேன். ஒரு கையால அக்கா தலைய மட்டும் லேசாத் தூக்கிக்குவேன்."

"அப்ப கஷாயம் குடிக்கிறப்ப மயங்கல?"

"இல்லைங்க. அப்புறந்தான்."

"அப்புறம் என்ன நடக்கும்?"

"அந்தி மணி அடிக்கும்."

"மணி அடிச்சா?"

"செபம் சொல்லணும்ல. மணி அடிக்கிறப்ப படுத்துக் கிடக்குறது பாவம்னு அண்ணி கட்டிலண்ட வந்து கைத்தாங்கலா உக்கார வைப்பாங்க. முழங்கால் போட முடியாட்டியும் உக்காந்தாவது சொல்லட்டும்பாங்க. காலையிலயும் உச்சியிலயும் மணி அடிக்கிறப்ப அவுங்க கோயில்ல இருப்பாங்க. புதங்கெழமை அவுங்க இல்லியா, நான் எழுப்பல. அக்கா படுத்துக்கிட்டே சொல்லுச்சு."

"இத ஏம்மா காலையிலேயே சொல்லல?"

"கஷாயத்துல என்ன போட்டேன்னுதானே எல்லாரும் கேட்டாங்க. மணியப் பத்தி யாருங்க கேட்டா?"

பிற்பகல். மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அவகாசம் கேட்டு ஏட்டு ஓடினார். அதற்குள் பெரம்பலூர்க் கரி பஸ் புகையைக் கக்கிக்கொண்டு வந்து வாத்தியார் அடைக்கலசாமியை இறக்கிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மைத்துனியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் நம்பிவிட்டார் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. ரஹ்மத்துல்லாவுக்கு அந்த மனுஷன்மேல் அப்படி ஓர் ஆத்திரம் வந்தது.

உள்ளே டாக்டர் சாமிதுரை தயங்கினார். "நோயாளியான இருதயம்னு தெரிஞ்சதால மேலாகத்தான் பாத்தேன் சார். நீங்களும் வயித்தத்தான கேட்டீங்க."

"இப்ப இருதயத்தக் கேக்குறேன். பொளந்து பாருங்க."

ரஹ்மத்துல்லா வெளியே வந்து நடந்தார். தான் நினைப்பது பொய்யாகிப் போனால்? உள்ளே வெறும் கெட்ட வால்வு இருந்தால், பாலாடைக் கதையை எந்தக் கோர்ட்டு கேட்கும்? கம்பிக்குப் பின்னால் இருக்கிற பெண் அங்கேயே இருக்க வேண்டியதுதான்.

கதவு திறந்தது. டாக்டர் பீங்கான் தட்டு ஒன்றைக் கையில் ஏந்தி நின்றார். தட்டில் திறந்த இருதயம். அதன் இடப்புற மேலறைச் சுவரிலிருந்து ஒரு காம்பு. காம்பின் நுனியில் கோழிமுட்டை அளவில் வழுவழுவென்று ஒரு கட்டி. அப்போதுதான் சீவி எடுத்த நுங்கு மாதிரி இருந்தது.

"வால்வு சுத்தமா இருக்கு," என்றார் டாக்டர். தட்டைச் சாய்த்துப் பிடித்தார். கட்டி காம்பில் ஊசலாடி வந்து, கீழறைக்குப் போகிற வாசலைக் கச்சிதமாக அடைத்தது. தட்டைப் படுக்கையாக வைத்தார். விலகிக்கொண்டது. "உட்கார்ந்தா கதவடைப்பு. படுத்தா தெறப்பு. என் காது சரியாத்தான் சார் இருந்திருக்கு. நான்தான் அத நம்பல."

"புத்துநோயா?"

"இல்ல. பரவாத, அரிக்காத சாதுவான கட்டிதான். கால்லயோ கையிலயோ இருந்திருந்தா மயக்கமருந்து குடுத்து ஒரு நாழியில எடுத்திருப்பேன். இருந்த எடம்தான் கெட்ட எடம். உசுரோட இருக்குறப்ப இதக் கண்டுபிடிச்சதா நான் படிச்சதேயில்ல. யுத்தத்துல சிப்பாய்ங்க இருதயத்துலேர்ந்து குண்டுத் துண்ட எடுத்திருக்காங்களாம். இதையும் ஒருநாள் எடுப்பாங்க. நம்ம புஷ்பத்துக்கு அந்த நாள் வரல."

மாஜிஸ்திரேட் டாக்டரின் வாக்குமூலத்தைக் கேட்டுச் சாந்தி மேரியை விடுவித்தார்.

உடலை ஏற்றிய வண்டி சூசைநல்லூருக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. அடக்கம் மறுநாள் காலை என்றாயிற்று. முதல் வண்டியில் வாத்தியாரும் பெட்டியும். பின்வண்டியிலிருந்து சாந்தி மேரி இறங்கியதும் கூட்டம் உறுமியது. ரஹ்மத்துல்லா அவளுக்கு முன்னால் போய் நின்றார்.

"இந்தப் பொண்ணு கொல்லல," என்றார். "யாரும் விஷம் வைக்கல. குத்தவாளி அவுங்க நெஞ்சுக்குள்ளயே இருந்துச்சு." கட்டியைப் பற்றியும் காம்பைப் பற்றியும் சொன்னார். உட்கார்ந்தால் அடைக்கும், படுத்தால் விலகும் என்றார். புதன்கிழமையைச் சொன்னார். மணியைச் சொன்னார். தூக்கி உட்கார வைத்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

வாத்தியார் மைத்துனியின் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

வாசலில் எடுத்துப் போட்டிருந்த கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சவரியம்மாள் நின்றாள்.

"அவ சொன்னாளே," என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "நேத்து உக்கார வெச்சப்ப, 'என்னையப் படுக்க வைங்க அண்ணி, முடியல'ன்னு சொன்னா. மணி ஓயட்டும்டி, ஒரு நிமிசம்னேன். ஆண்டவருக்கு ஒரு நிமிசம் குடுக்கக் கூடாதான்னேன். தோளை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டேங்க."

நேற்றில்லாவிட்டாலும் இன்னொரு நாள் அந்தக் கட்டி அடைத்தே இருக்கும் என்று டாக்டர் சொன்னதை ரஹ்மத்துல்லா எடுத்துச் சொன்னார். அது உண்மைதான். ஆனாலும் அந்த உண்மை அவள் காதுக்குள் இறங்கவில்லை. சரிந்து விழப்போன சவரியம்மாளைச் சாந்தி மேரி ஓடிப்போய்த் தாங்கினாள். தன்னைக் கொலைகாரி என்று பழித்தவளின் கையைப் பிடித்து, அக்காள் கிடந்த அதே கட்டிலில் தலை தாழப் படுக்க வைத்தாள்.

அப்போது கோயிலில் அந்தி மணி அடித்தது. ஊர் முழுவதும் முழங்காலிட்டது. பழக்கம் விடுமா, சவரியம்மாளும் பதறிக் கையை ஊன்றி எழப் பார்த்தாள்.

"படுங்க அண்ணி," என்றாள் சாந்தி மேரி. அவள் மார்பின்மேல் கையை வைத்துக்கொண்டு தரையில் முழங்காலிட்டாள். "படுத்துக்கிட்டே சொல்லலாம். புதங்கெழமை அக்கா அப்படித்தான் சொல்லுச்சு."

மணி ஓயும்வரை ரஹ்மத்துல்லாவும் வாசலில் அசையாமல் நின்றார்.