மாதாவின் முன்னால் சிந்திய அரிசி

"இவரின்ரை கால் திரும்ப வீங்கிப் போச்சு, யூஜினி. நான்தான் மருந்தைப் பிழையாக் குடுக்கிறன் போல."

சுவிஸ் நாட்டின் வின்டர்தூரில் மருந்துக்கடைக் கதவு திறந்த கையோடு றஞ்சினி வந்து நின்றார். 1997ஆம் ஆண்டு, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை அது. அவருடைய கணவர் பேர்சிக்கு இதயம் பலவீனம். உடம்பில் தேங்கிய நீரை இறக்கி, பதினெட்டு நாட்களுக்கு முன்புதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இன்னொரு முறை நீர் ஏறினால் உயிருக்கு ஆபத்து என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

யூஜினி யாழ்ப்பாணத்தில் மருந்தாளராக இருந்தவர், இந்தக் கடையில் உதவியாளர். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் தமிழர்களின் வீடுகளுக்குப் போய் மருந்துகளைச் சரிபார்ப்பது அவருடைய பொறுப்பு. பேர்சி வீட்டுக்கு வந்த அன்றே அவர் போய், ஏழு நாள் மாத்திரைப் பெட்டியை நிரப்ப றஞ்சினிக்குப் பழக்கியிருந்தார்.

வீடுகளுக்கு மருந்து கொண்டுபோகும் டெஸ்மன்ட் துள்ளிக்கொண்டு வந்தார். துப்பறியும் கதை என்றால் சாப்பாட்டையும் மறப்பவர்.

"அக்கா, கேஸ் முடிஞ்சுது! ஆஸ்பத்திரி குடுத்த புது மாத்திரையும் வீட்டிலை கிடந்த பழசும் ஒண்டுதான், பேர்தான் வேறை. மனுசன் ரண்டையும் போடுறார்."

"பழசு எல்லாத்தையும் நான் அண்டைக்கே எடுத்திட்டன். அதோடை, நீரை இறக்கிற தண்ணி மாத்திரையை இரட்டிப்பாப் போட்டா உடம்பு வத்தும் டெஸ்மன்ட், வீங்காது."

"அப்ப கருவாடு! உப்பு!"

"வாரும், போய்ப் பாப்பம்."

பேர்சி சாய்கதிரையில் இருந்தார். சப்பாத்து ஏறாத கால்கள். ஆனால் வாய்க்குக் குறைவில்லை.

"வாங்கோ டெஸ்மன்ட். முந்தநாள் குருத்து ஞாயிறுப் பூசையிலை சிகரெட்டுக்கெண்டு மூண்டு தரம் வெளியிலை போனியள், கண்டனான். நான் எட்டு மணிக்கு மருந்து போட்டு, பஸ் எடுத்து வந்து, யேசுவின்ரை பாடுகள் வாசிச்சு முடியும் மட்டும் எழும்பேல்லை!"

"அண்ணை எப்பவும் பக்திமான்தான்," என்று சிரித்தார் யூஜினி. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதை டெஸ்மன்ட் கவனிக்கவில்லை. அவர் குளிர்சாதனப் பெட்டிக்குள் தலையை விட்டுக் கருவாடு தேடிக்கொண்டிருந்தார்.

மாத்திரைப் பெட்டியில் அன்றைய காலை அறை காலியாக இருந்தது. நேற்றையதும் அப்படியே. றஞ்சினியின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

"நான் கையிலை குடுத்திட்டுத்தான் தேத்தண்ணி போடப் போறனான்," என்றார் றஞ்சினி. "வீடும் துப்புரவாத்தான் வச்சிருக்கிறன். இந்த எலிதான்... மடுமாதா படத்துக்கு முன்னாலை ஒவ்வொரு நாளும் நாலு அரிசி கிடக்கு."

யூஜினி படத்தருகே போனார். மெழுகுதிரிக்குப் பின்னால் கமரா பிலிம் சுருள் வரும் கறுப்பு டப்பி ஒன்று.

"கமரா வாங்கினனீங்களோ?" என்று டெஸ்மன்ட் எட்டிப் பார்த்தார்.

"எங்களிட்டை ஏது கமரா?" என்றார் றஞ்சினி.

யூஜினி எல்லோரையும் மேசைக்கு அழைத்தார்.

"றஞ்சினி அக்கா, உங்களிலை ஒரு பிழையும் இல்லை. காலமை எட்டு மணிக்குத் தண்ணி மாத்திரை போட்ட ஆளுக்கு அடிக்கடி சலம் வரும், ரண்டு மணித்தியாலப் பூசையிலை எழும்பாமல் இருக்கேலாது. பக்தி வேறை, மாத்திரை வேறை. அப்ப அண்ணை அதைப் போடேல்லை. மாத்திரையை எறியிற ஆளெண்டா டப்பிக்குள்ளை அரிசி எதுக்கு? ஊரிலை உப்புக்குள்ளை அரிசி போடுறம், ஈரம் பிடியாமல். ஆரோ மாத்திரையைக் கனநாளைக்குப் பழுதாகாமல் சேக்கினம். தூரத்துக்கு அனுப்ப." அவர் குரல் தாழ்ந்தது. "ஆருக்கு, அண்ணை?"

பேர்சி எழுந்து போய் டப்பியைக் கொண்டுவந்து கவிழ்த்தார். அரிசியோடு பதினெட்டு வெள்ளை மாத்திரைகள் உருண்டன.

"மன்னாரிலை தம்பி. அவனுக்கும் கால் வீங்குதாம். சண்டையாலை அங்கை மருந்து இல்லை. எங்கடை சிநேகிதன் றொபின்சன் அடுத்த மாதம் கொழும்புக்குப் போறான், அவனிட்டைக் குடுத்துவிடலாமெண்டு... எனக்கு இஞ்சை ஆஸ்பத்திரி இருக்குத்தானே."

றஞ்சினி அழுதார். "எனக்குச் சொன்னா நான் வேண்டாமெண்டு சொல்லுவனோ?"

யூஜினி முதலில் டொக்டருக்குத் தொலைபேசி எடுத்தார். இன்றைக்கே வரச் சொன்னார்கள். பிறகு பேர்சியின் அருகே அமர்ந்தார்.

"தம்பிக்கு என்ன மருந்து, எவ்வளவு எண்டு அவரைப் பாக்கிற டொக்டர் எழுதித் தரட்டும். எங்கடை முதலாளியம்மாவோடை நான் கதைக்கிறன், கோயில் சுவாமியோடையும் கதைக்கிறன். திறக்காத பெட்டியா, முறையா அனுப்புவம். நீங்கள் உயிரோடை இருந்தால்தானே அண்ணை, அவருக்கு அண்ணன்?"

திரும்பும் வழியில் யூஜினி வேகமாக நடந்தார்.

"கெட்டிக்காரி அக்கா நீங்கள்," என்றார் டெஸ்மன்ட்.

"இல்லை. என்ன போடுறியள், எப்ப போடுறியள், எல்லாம் கேட்டனான். ஒண்டைக் கேக்கேல்லை."

கடைக்கு வந்ததும், நோயாளிகளின் வீட்டுக்குப் போகும்போது நிரப்பும் படிவத்தின் அடியில் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: 'உங்கள் மருந்து வேறு யாருக்காவது தேவைப்படுகிறதா?' ஒருவர் மற்றவருக்காக ஒளித்துச் செய்யும் நன்மையைக் கடவுள் காண்கிறார். மருந்துக்கடையும் காண வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

உயிர்ப்பு ஞாயிறுப் பூசை. சுவாமியார் பிரசங்கத்தைத் தொடங்கி இரண்டு நிமிடமாகவில்லை. முன்வரிசையிலிருந்து பேர்சி எழுந்து அவசரமாக வெளியே நடந்தார். சப்பாத்து போட்டிருந்தார். சிறிது நேரத்தில் திரும்பி வந்தார், மறுபடியும் போனார்.

நாலு பேர் முகம் சுளித்தார்கள். றஞ்சினி மட்டும் கண்களை மூடி, "மாதாவே, நன்றி," என்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.