தலைக்கு ஒன்று

வியாழக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு நிலநடுக்கம் என்று திங்களன்றே அறிவிப்பு வந்துவிட்டது. புது ராயபுரத்துக்காரர்கள் அதைப் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "இந்தத் தபா அரிசி புழுங்கலா, பச்சையா?" என்பதுதான்.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கடல் ஏறி வந்து பழைய ராயபுரத்தை விழுங்கி நூற்றிருபது வருடமாகிறது. அப்போது மூட்டை முடிச்சோடு மேற்கு மலையில் ஏறிய சனத்தின் வாரிசுகள் இவர்கள். கடலைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. வாயைத் திறந்தால் மட்டும் துறைமுகப் பாஷை. மலையைக் குடைந்து ரயில், ரயிலுக்குக் கீழே குடைந்து தண்ணீர்த் தொட்டி என்று போனதில் மலைக்குப் பொறுமை போய்விட்டது. வருடத்துக்கு இரண்டு முறையாவது உடம்பைச் சிலிர்த்துக்கொள்ளும். பாறையின் ஆழத்தில் புதைத்திருக்கும் 'நிலக்காது' என்ற கருவிகள் அந்தச் சிலிர்ப்பை மூன்று நாள் முன்னதாகவே ஒட்டுக்கேட்டுச் சொல்லிவிடும். ஒட்டுக்கேட்கும் காதுகளுக்கு அந்த ஊரில் பஞ்சமே இல்லை. இவை பாறைக்கென்று தனியாக.

நடுங்கி முடிந்தபின் பாதை இருக்காது. ஆகவே நிவாரணம் முந்தி, நடுக்கம் பிந்தி என்பது சட்டம். அந்தச் சட்டத்தை மூட்டை மூட்டையாக மலையேற்றுகிறவள் அமலோற்பவம். அடிவாரத்தில் இருந்த பழைய கல் கிடங்கில் அவளுக்குத் துணை மனிதர் எவரும் கிடையாது. அறுபது 'பொதிநடை'கள் உண்டு. ஆறு கால், அகன்ற முதுகு, தலை கிடையாது. ஊரார் கழுதை என்றே கூப்பிட்டார்கள். தலையில்லாத குறையை யாரும் பொருட்படுத்தவில்லை. எந்தக் கழுதை எத்தனை கிலோவோடு எந்த வளைவில் எப்போது ஏற வேண்டும் என்று கணக்குப் போடுவது 'ஒழுங்கி' என்னும் இயந்திர மூளை. அது கிடங்கின் சுவரிலிருந்து பேசும், பாடப்புத்தகம் போல.

புதன்கிழமை மூன்றாவது கொண்டையூசி வளைவில் மண் சரிந்தது. அமலோற்பவம் சளைக்கவில்லை. நாற்பது கழுதைகளைப் பழைய தேயிலைத் தடத்தில் திருப்பிவிட்டு, ஒரு மூட்டை சிந்தாமல் சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டுக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய், போர்வை சேர்த்துவிட்டாள். கூடாரங்கள் மட்டும் அப்படியே திரும்பி வந்தன. "வூடு இருக்கசொல்ல கூடாரம் எதுக்கு?" என்று கேட்டார்களாம்.

வியாழன் காலை எட்டு மணிக்கு ஒழுங்கி அறிக்கை வாசித்தது.

"பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்து சேரவேண்டியவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். வந்திருப்பது ஒரு நாய்."

அமலோற்பவம் மலைமேல் ஊரைக் காட்டும் திரையை உற்றுப் பார்த்தாள். இதுவரை ஒன்பது தடவை அறிவிப்பு வந்து, ஒன்பது தடவையும் பாத்திரம் ஆடியதோடு சரி. இந்த முறை நிலக்காது சொன்ன அளவு ஏழு புள்ளி இரண்டு. புது ராயபுரத்தில் ஒரு சுவரும் தப்பாது. வீட்டுக்குள் இருப்பவர் யாராக இருந்தாலும் அதோடு கதை முடிந்தது. மேலே வெட்டவெளியாகக் கிடக்கும் பள்ளி மைதானம் ஒன்றுதான் கதி.

நாத்தனார் பிலோமினாவைக் கைப்பேசியில் கூப்பிட்டாள். பிலோமினா அசைந்தால் அந்தத் தெருவே அசையும். ஆனால் இருவருக்கும் ஏழு வருடமாகக் கொஞ்சம் மனத்தாங்கல். அமலோற்பவத்தின் மகன் கல்யாணப் பத்திரிகையில் பிலோமினா பெயர் விட்டுப்போயிருந்தது. அச்சுப்பிழை என்று அமலோற்பவம் சத்தியம் செய்தாள். நம்புகிற ஆளா பிலோமினா?

"பிலோமி, மைதானத்துக்குப் போகலியா?"

"இன்னா அண்ணி, காலங்காத்தால? உங்க மிஷினு போன தபாவும் இப்டித்தான் கத்துச்சு. எங்க வூட்டு அண்டா கூட ஆடல."

"இது பெருசு. வீடு நிக்காதுடி."

"வூட்ட வுட்டுட்டுப் போனா அரிசிய யாரு பாத்துக்குவா? எதிர்வூட்டு ஜெசிந்தா கண்ணு எப்டின்னு உங்களுக்குத் தெரியாதா?"

எதிர்வீட்டு ஜெசிந்தா அதே நேரத்தில் பிலோமினாவின் கண்ணுக்குப் பயந்து தன் அரிசி மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்தாள். ஊர் முழுக்க இதே கதை. பிழைப்பதற்கென்று அனுப்பிய சாமான்தான் ஆளை வீட்டுக்குள் பிடித்து வைத்திருந்தது. ஒரு மூட்டை சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்த பெருமை அமலோற்பவத்துக்கு இப்போது முள்ளாகக் குத்தியது.

சங்கை ஊதச் சொன்னாள். இரைச்சல் தாங்காமல் ஜன்னலை இழுத்துச் சாத்தினார்கள். கழுதை மேலேயே உட்கார வைத்துக் கூட்டிப் போகிறோம் என்று அறிவித்தாள். மெத்தை போட்டிருக்கிறதா என்று நாலு பேர் விசாரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

"தாங்களும் முற்றத்துக்குப் போய்விடலாம் அம்மா. இந்தக் கிடங்கும் அந்த வீடுகளின் வயதுக் கட்டடம்தான்," என்றது ஒழுங்கி.

"இரு, இரு. இத முடிச்சுட்டு வர்றேன்."

ஒழுங்கி சொன்னது: "இருநூறு வருடத்து நிவாரணப் பதிவேடுகளைப் படித்தேன். மனிதர்கள் கைக்குழந்தையையும் கிழவரையும் தூக்கிக்கொண்டு, யாரும் அழைக்காமல், தாமாகவே வீட்டை விட்டு வெளியேறும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அது வெள்ளம் அல்ல, தீயும் அல்ல. முயன்று பார்க்கட்டுமா?"

"என்னவாவது பண்ணு. பொய் மட்டும் சொல்லாத. அப்புறம் என்னை ஊருக்குள்ள விடமாட்டாங்க."

"பொய் சொல்லமாட்டேன். எதுவுமே சொல்லமாட்டேன்."

திரும்பி வந்த கூடாரங்களைச் சுமந்துகொண்டு இருபது கழுதைகள் மலையேறின. மைதானத்தின் கோடியில் ஒரு மேசை. மேசைக்கு மேல் கூடாரக் கம்பங்களில் பாதி இறக்கிய ஒரு ஷட்டர். இரண்டு பக்கமும் கயிறு கட்டி, அந்தக் கயிற்றுக்கு நடுவே கழுதைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அறிவிப்பு கிடையாது. பலகை கிடையாது.

ஒன்பது மணிக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்த ஓர் ஆள் நின்றார். கடைசிக் கழுதைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"இன்னாபா தர்றாங்க?" என்று அவருக்குப் பின்னால் வந்தவர் கேட்டார்.

"தெரில. நின்னாத்தான் தெரியும்."

அதற்குமேல் ஒழுங்கிக்கு வேலையே இருக்கவில்லை. ஒன்பதேகாலுக்கு அது குக்கர் என்று முடிவாகியிருந்தது. ஒன்பதரைக்கு வெள்ளிக் குத்துவிளக்கு. பத்து மணிக்குச் சமவெளியில் ஆளுக்கு ஒரு மனை. தலைக்கு ஒன்று என்று யாரோ சொன்னதும் கைக்குழந்தைகள் வந்து சேர்ந்தன. ஆள் நேரில் வரவேண்டுமாம் என்று இன்னொருவர் சொன்னதும், இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடந்த ஒரு பெரியவரை நாற்காலியோடு தூக்கி வந்து நிறுத்தினார்கள். ஜெசிந்தா அரிசி மூட்டையை மறந்து, ஈரத் தலையோடு ஓடி வந்தாள்.

"தள்ளாத மே! நா மொதல்ல வந்து கல்லு வெச்சுட்டுப் போனேன்!"

"கல்லு வந்து வாங்குமா? ஆளு நிக்கணும்!"

அமலோற்பவம் திரையைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "என்ன சனம்டா இது! என்ன தர்றாங்கன்னே தெரியாம நிக்குதுங்க பாரு!"

"தாங்களும் வெளியே..." என்று ஒழுங்கி ஆரம்பித்தது.

"இரு, வர்றேங்கறேன்ல."

பத்து ஐம்பது. முந்நூற்றுப் பதினோரு பேர். விட்டுப்போனது யார் என்று கேட்கவே வேண்டாம். பிலோமினா புருஷனையும் பிள்ளைகளையும் வரிசைக்கு விரட்டிவிட்டு, தான் மட்டும் சாமானுக்குக் காவலாக வீட்டில் இருந்தாள். ஒழுங்கியிடம் இதற்குப் பதிவேட்டில் வழி இல்லை. அமலோற்பவத்திடம் இருந்தது.

"பிலோமி, ஒரு விஷயம். நீ மைதானத்துக்கு வந்துடாத."

"ஏன்?"

"லிஸ்டுல உம் பேரு இல்ல."



"இல்லியா? ஊரு பூரா கீது, எம் பேரு மட்டும் இல்லியா? பத்திரிகைல வுட்டீங்க, பொறுத்துக்கினேன். இதுலயும் வுடுவீங்களா? தோ வர்றேன், எவன் எழுதுன லிஸ்டுன்னு பாக்கறேன்!"

ரேஷன் கார்டைக் கொடிபோல் உயர்த்திப் பிடித்தபடி அவள் வாசலைத் தாண்டிய வேகத்தைத் திரையில் பார்த்தபோது, நிலநடுக்கமே கொஞ்சம் ஒதுங்கி நிற்கும் என்று தோன்றியது. பதினொன்று ஐந்துக்கு மைதானத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். நாய் தனி.

அமலோற்பவம் நாற்காலியில் சாய்ந்து கையைத் தட்டினாள். அப்போது வெளியே முற்றத்தில் கடகடவென்று இரும்புக் கால்களின் ஓசை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பதினோரு கழுதைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கோடியில் ஒரு மேசை. பாதி இறக்கிய ஒரு ஷட்டர்.

"என்னது அங்க?"

ஒழுங்கி பதில் சொல்லவில்லை.

"ஏய், உன்னைத்தான். என்ன தர்றாங்க?"

அமலோற்பவம் திரையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். காலையிலிருந்து நடந்த கூத்தெல்லாம் அவள் கண்முன் நடந்ததுதான். அவளுக்குத் தெரியாத ரகசியம் ஒன்றுமில்லை. இருந்தாலும், ஒருவேளை உண்மையிலேயே ஏதாவது தந்தால்? ஆணியில் மாட்டியிருந்த ஒயர் கூடையை எடுத்துக்கொண்டாள். கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி, கடைசிக் கழுதைக்குப் பின்னால் போய் நின்றாள்.

பதினொன்றே கால்.

மலை உடம்பை உதறிக்கொண்டது. கழுதைகள் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டன. அமலோற்பவம் முன்னால் நின்ற கழுதையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் கிடங்கின் கூரை ஒரு பெருமூச்சோடு உள்ளே உட்கார்ந்தது. அவள் நாற்காலி இருந்த இடத்தில் ஓர் உத்தரம் குறுக்கே கிடந்தது.

புழுதி அடங்க நெடுநேரமாயிற்று. கைப்பேசி அடித்தது.

"அண்ணி! உயிரோட கீறீங்களா?"

"இருக்கேன்டி. அங்க?"

"வூடெல்லாம் பூட்ச்சு அண்ணி. ஒண்ணுகூட நிக்கல." பிலோமினா ஒரு நிமிஷம் அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆளுங்க அல்லாரும் கீறாங்க. வரிசகூட கலையல. இப்பத்தான் ஷட்டரைத் தொறந்தாங்க. கூடாரம் தர்றாங்க அண்ணி, தலைக்கு ஒண்ணு! எம் பேரும் லிஸ்டுல கீது. ஜெசிந்தா ரெண்டு கேக்கறா, குடுக்காதீங்கன்னு சொல்லிவைங்க. நீங்க எங்க கீறீங்க?"

"நானும் இங்க வரிசைலதான் நிக்கிறேன்."

"அப்டியா?" பிலோமினாவின் குரலில் அழுகை சுத்தமாக வற்றிப்போனது. "அங்க இன்னா தர்றாங்க?"

"தெரியலடி. முன்னாடி பதினோரு கழுதை நிக்குது."

"இடத்த வுட்டுறாதீங்க அண்ணி. எனக்கும் சேத்து ஒண்ணு வாங்கி வைங்க."

முன்னால் நின்ற கழுதை ஓரடி நகர்ந்தது. அமலோற்பவம் கூடையைக் கை மாற்றிக்கொண்டு தானும் ஓரடி நகர்ந்தாள்.