ஜமீன்தார் கரடியும் பேசாத மாமனாரும்

“ராசாங்கம்! உங்க மாமனார் கூகைப் பாறையில மாட்டிக்கிட்டாரு! கீழே ஜமீன்தார் உட்கார்ந்திருக்கான்!”

விறகுக்குப் போன பெண்கள் தும்பிமலை காப்பி எஸ்டேட்டுக்கு ஓட்டமாக ஓடி வந்து சொன்ன செய்தி இது. காப்பிப் பழம் அரைக்கும் இயந்திரத்துக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்த பிட்டர் ராசாங்கம், துள்ளி எழுந்த வேகத்தில் தலையை இரும்புச் சட்டத்தில் இடித்துக்கொண்டான். சட்டம் வளைந்துவிட்டது. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை!

ஜமீன்தார் என்றதும் ஜரிகைத் தலைப்பாகையை நினைத்துவிட வேண்டாம். அது ஒரு கரடி. எஸ்டேட்டுக்குள் வந்தால் சொந்த நிலத்தைச் சுற்றிப் பார்க்கிற தோரணையில் நடக்கும். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து, பழுத்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும். எழுந்து நின்றால் கூரை ஓடுகளை எண்ணலாம். நகம் ஒவ்வொன்றும் வாழைத்தார் வெட்டுகிற அரிவாள். புற்றில் வாயை வைத்துக் கறையானை உறிஞ்சினால், பக்கத்து மலையில் லாரி ஏறுகிறதோ என்று ஆட்கள் ஒதுங்கி நிற்பார்கள்.

சிரிப்பெல்லாம் சித்திரை மாதம் வரைக்கும்தான். அந்த மாதத்தில் அது இரண்டு பேருடைய முகத்தைக் கிழித்துவிட்டது. ஒருவருக்கு ஒரு கண் போயிற்று. வேட்டைக்கு அரசாங்கமே உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஜமீன்தாரைச் சுடவும் உத்தரவு வந்திருந்தது. சுடுவதற்கு ஆள்தான் வரவில்லை.

ராசாங்கம் வீட்டுக்கு ஓடினான். மனைவி கனகு வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஏழாம் மாதம். அடுத்த வாரம் வளைகாப்பு.

“என்னாலதாங்க. மலைத்தேன் வேணும்போல இருக்குன்னு அம்மாகிட்ட வாய்விட்டுச் சொல்லிட்டேன். அது அப்பா காதுல விழுந்திருக்கு.”

“நம்ம மலைக்கே வந்துட்டு நம்ம வீட்டுக்கு ஒரு எட்டு வரலையே கனகு!”

“எப்படி வருவாரு? உங்ககிட்டதான் பேச மாட்டாரே!”

அது உண்மை. மாமனார் தவசி, ராசாங்கத்தோடு பேசி ஒரு வருஷம் ஆகிறது. காரணம் கல்யாண மைக். தாலி கட்டி முடிந்ததும் தவசி மைக்கைப் பிடித்தார். அரை மணி நேரம் சொந்தபந்தத்துக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு, “இப்ப என் மாப்பிள்ளையைப் பத்தி ஒரு வார்த்தை. மாப்பிள்ளை ராசாங்கம் ஒரு…” என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து மைக் ‘கூஊஊ’ என்று ஊளையிட்டது. பிட்டருடைய கை சும்மா இருக்குமா? மணமேடையிலிருந்து எழுந்துபோய் ஒயரைப் பிடுங்கிவிட்டான். பேச்சு நின்றது, பந்தி ஆரம்பித்தது. “என் பேச்சை நிறுத்தினவன்கூட எனக்கு இனிப் பேச்சே இல்லை!” என்று தவசி துண்டை உதறித் தோளில் போட்டார்.

‘ஒரு…’ என்றாரே, ஒரு என்ன? ஒரு தங்கமா? ஒரு தறுதலையா? ராசாங்கத்துக்குப் பல நாள் தூக்கம் வராததற்கு அந்த ஒற்றைச் சொல்தான் காரணம். இப்போது அந்தச் சொல்லோடு சேர்ந்து மாமனாரும் பாறை விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார்!

“அப்பாவை முழுசாக் கொண்டாங்க” என்றாள் கனகு. “நீங்களும் முழுசா வாங்க.”

இயந்திரக் கொட்டகைக்கு முன்னால் ஆயுதங்கள் வந்து குவிந்தன. கோடாலி, ஈட்டி, வேல்கம்பு, எதற்கென்றே தெரியாமல் ஒரு உலக்கை! செய்தி கேட்டு அடிவாரத்து ஊரிலிருந்து கனகுவின் சொந்தக்காரர்களும் வந்துவிட்டார்கள். கனகுவின் தம்பி வீரணன், தன் வீட்டு நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் மாட்டி, வளரி என்கிற வீசுகட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு முறுக்கிய மீசையோடு வந்தான்.

“மச்சான், எங்க தாத்தா இந்த வளரியை வீசினா பறக்குற கொக்கோட மூக்கை மட்டும் தட்டிட்டுத் திரும்பி வரும்.”

“ஜமீன்தாருக்கும் மூக்கு இருக்கு, சரி. தட்டின பிறகு அவன் என்ன செய்வான்னு தாத்தா சொன்னாரா?”

வீரணன் வளரியை உலக்கைக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்தான்.

எஸ்டேட் துரை தன் இரட்டைக்குழல் துப்பாக்கியை அனுப்பியிருந்தார். கூடவே இரண்டு வகைத் தோட்டா. ஒன்றில் சிதறிப் பாய்கிற ரவை; இன்னொன்றில் முழுக் குண்டு. ராசாங்கம் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். ரவை அகலமாகப் போகும், குறி தப்பாது. ஆனால் ஜமீன்தாரின் மயிருக்குள் ரவை போவது, கம்பளிக்குள் கடுகு விழுகிற மாதிரிதான்! இரண்டு குழலிலும் முழுக் குண்டையே போட்டான்.

“ஒரு குழல் கண்ணுக்குத் தெரியுற கரடிக்கு. இன்னொரு குழல் தெரியாத கரடிக்கு” என்றான்.

“இருக்கிறது ஒரு கரடிதானே மச்சான்?”

“அதை அந்தக் கரடி சொல்லணும்.”

அடுத்து ஒரு பெரிய சிக்கல். துணைத் துப்பாக்கி பிடித்துப் பின்னால் நிற்பது யார்? நன்றாகச் சுடத் தெரிந்தவர் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை! கனகுவின் பெரியப்பா, “மூத்தவன் நான் இருக்கேன்ல?” என்றார். சித்தப்பா, “என்னைக் கூப்பிடாம கல்யாணத்துல செஞ்சது போதாதா?” என்று முகத்தைத் திருப்பினார். கடைசியில் வீரணன் நெஞ்சைத் தட்டினான். “அக்காவைக் கட்டினவருக்குப் பின்னால நிக்கிறது தம்பி முறை. இதுல யாரு கேள்வி கேக்குறது?” முறை என்று வந்துவிட்டால் யார் மறுத்துப் பேச முடியும்? பெரியப்பாவையும் சித்தப்பாவையும் வளைகாப்பில் முதல் பந்தியில் உட்கார வைப்பதாகச் சத்தியம் செய்து சமாதானப்படுத்தினார்கள்.

“மச்சான், ஒண்ணே ஒண்ணு” என்றான் ராசாங்கம். “உன் நாட்டுத் துப்பாக்கி ஒரு தடவைதான் வெடிக்கும். மறுபடி குழலுக்குள்ள மருந்தைப் போட்டுக் கிட்டிக்கிறதுக்குள்ள உலை கொதிச்சுச் சோறே வெந்துடும். நான் கூப்பிடாம நீ சுடாதே.”

“என் பேரு வீரணன், மச்சான்!”

“அதான் பயமா இருக்கு.”

எஸ்டேட் கம்பவுண்டர் சவரிமுத்துவும் கிளம்பினார். ஒரு கையில் டிஞ்சர் பாட்டில், தோளில் நீளமான கயிறு. “சுடுறது உங்க வேலை, தைக்கிறது என் வேலை. தயவுசெஞ்சு எனக்கு வேலை வைக்காதீங்கப்பா” என்றார்.

மூவரும் மலை ஏறினார்கள். கூகைப் பாறை செங்குத்தானது. தவசி முந்தின நாள் சாயங்காலம் உச்சியிலிருந்து கொடி ஏணியில் இறங்கி, நடுவில் இருந்த விளிம்பில் நின்று தேன் எடுத்திருக்கிறார். ஏணி அறுந்து கீழே விழுந்துவிட்டது. இப்போது மேலேயும் போக முடியாது, கீழேயும் இறங்க முடியாது. சவரிமுத்து கயிற்றோடு உச்சிக்குச் சுற்றிப் போனார். மற்ற இருவரும் எதிர்க்காற்றில், புதருக்குப் புதர் பதுங்கி, பாறையின் அடிவாரத்தை நெருங்கினார்கள்.

அப்பாடி! ஜமீன்தார் அந்தக் கொடி ஏணியை நார்நாராகக் கிழித்து, மெத்தையாக்கி, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. மேலே தேன் கலயத்தை மடியில் அணைத்துக்கொண்டு தவசி. இரவெல்லாம் கரடியைத் திட்டித் திட்டித் தொண்டை கட்டிப்போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. கால்கள் நடுங்குவது கீழிருந்தே தெரிந்தது. இனிப் பகல் வெயிலும் ஏறினால் அவர் தாங்க மாட்டார் என்று ராசாங்கத்துக்குப் புரிந்தது. அவருக்கு முதலில் மகன் தலை தெரிந்தது.

“வீரணா! கூட வந்திருக்கிறது யாரு?”

“மச்சான்ப்பா!”

தவசி கலயத்தை இறுக்கி அணைத்துக்கொண்டார். “என்ன துப்பாக்கின்னு கேளு.”

“ரெட்டைக்குழல்ப்பா!”

“ரவையா, குண்டான்னு கேளு.”

ராசாங்கத்துக்குப் பொறுக்கவில்லை. “குண்டுதான் மாமா!”

“வீரணா, ஏதோ காத்து அடிச்ச மாதிரி இருந்துச்சு. உன் மச்சான் என்ன சொல்றாருன்னு கேட்டுச் சொல்லு.”

சாவு கீழே மெத்தை போட்டு உட்கார்ந்திருக்கும்போதும் மனிதர் இறங்கி வரவில்லை!

தவசியின் குரல் ஜமீன்தாருக்கு இரவு முழுக்கப் பழகிப்போனது. ஆனால் இந்தப் புதுக் குரல்கள்? கரடி தலையைத் திருப்பியது. மூக்கை உயர்த்தியது. எழுந்தது! இன்னும் எழுந்தது! எழுந்துகொண்டே இருந்தது! பிறகு மலையே உருண்டு வருகிற மாதிரி பாய்ந்து வந்தது.

“மச்சான்…” என்று வீரணன் முனகினான்.

“பொறு.”

“மச்சான்!”

“பொறுடா!”

ராசாங்கம் அசையவில்லை. காலுக்கு அடியில் மண் அதிர்ந்தது. பத்தடி தூரத்தில் ஜமீன்தார் இரண்டு காலில் எழும்பிக் கையை விரித்தது. கறுத்த நெஞ்சில் வெள்ளைப் பிறை பளிச்சென்று தெரிந்தது. ராசாங்கம் விசையை இழுத்தான்.

டுமீல்!

அதே கணத்தில் அவன் காதோரம் வானமே இடிந்தது. பயத்தில் வீரணனின் விரலும் இழுத்துவிட்டது! ஒரு பிடி போட வேண்டிய மருந்தை, அக்காமேல் உள்ள பாசத்தில் நாலு பிடி போட்டிருந்தான். குண்டு எந்த ஊருக்குப் போயிற்றோ தெரியாது. வீரணன் பின்னால் பறந்துபோய் முள் நிறைந்த ஒரு ஈஞ்சம்புதரில் விழுந்தான். கரும்புகை எழுந்து பாறை, மரம், கரடி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. தன் கையில் இருக்கும் துப்பாக்கியின் நுனிகூட ராசாங்கத்துக்குத் தெரியவில்லை.

ஜமீன்தார் விழுந்ததா, விழவில்லையா? புகைக்குள் எங்கேயோ ஒரு உறுமல். ராசாங்கம் இரண்டாவது குழலை நேராக முன்னால் நீட்டினான். விரல் விசையைத் தொட்டது.

சவரிமுத்து இன்னும் உச்சிக்கு வந்து சேரவில்லை. புகைக்கு மேலே இருந்த ஒரே மனிதர் தவசி. அவருக்கு எல்லாம் தெரிந்தது.

“வீரணா! உன் மச்சானைத் திரும்பச் சொல்லு! சீக்கிரம்!” ராசாங்கத்தின் காதுக்குள்ளும் வெடி இரைந்துகொண்டிருந்தது; அந்தக் கட்டின குரல் அவனுக்கு எட்டவில்லை.

“ஒண்ணும் கேக்கலப்பா!” புதருக்குள்ளிருந்து வீரணன் காதைத் தட்டிக்கொண்டு கத்தினான். “காது அடைச்சுப்போச்சு!”

“திரும்பச் சொல்லுடா!”

“ஒண்ணுமே கேக்கலப்பா!”

ஒரு மூச்சு நேரம் மேலே சத்தமே இல்லை. பிறகு, கட்டிப்போன அந்தத் தொண்டையிலிருந்து மலையைப் பிளந்துகொண்டு வந்தது ஒரு குரல்.

“மாப்பிள்ளே! ராசாங்கம் மாப்பிள்ளே! ஜமீன்தார் செத்துட்டான்! உங்களுக்குப் பின்னால! பின்னால பாருங்க!”

ராசாங்கம் சுழன்று திரும்பினான். அந்தப் பக்கம் புகை விலகியிருந்தது. மூங்கில் புதரைப் பிளந்துகொண்டு இன்னொரு கரடி! பெண் கரடி. வெடிச்சத்தத்தில் மிரண்டு, வெறிகொண்டு, நேராக அவனை நோக்கி வந்தது. துப்பாக்கி தோளுக்கு ஏறியது. குறியும் சரியாக இருந்தது. அப்போதுதான் அதன் முதுகு மயிரைப் பற்றிக்கொண்டு ஒரு குட்டி எட்டிப் பார்த்தது. உருண்டையாக இரண்டு கண்கள்.

“சுட்டுறாதீங்க மாப்பிள்ளே! பிள்ளைக்காரி!”

சொன்னதோடு தவசி நிற்கவில்லை. மகளுக்காக உயிரைப் பணயம் வைத்து எடுத்த தேன். இரவெல்லாம் பசித்தும் விரல்கூட வைக்காத தேன். அந்தக் கலயத்தை அப்படியே தலைக்கு மேல் தூக்கி வீசினார்!

‘படார்!’ கரடிக்கும் ராசாங்கத்துக்கும் நடுவில் இருந்த கல்லில் கலயம் உடைந்தது. தேன் நாலாபக்கமும் தெறித்தது. பெண் கரடியின் மூக்கில் ஒரு கை அளவு அப்பிக்கொண்டது. அது சறுக்கிக்கொண்டே நின்றது. நாக்கை நீட்டி மூக்கை நக்கியது. கோபப்படுவதா, சாப்பிடுவதா என்று கொஞ்சம் யோசித்தது. குட்டிக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. முதுகிலிருந்து சறுக்கி இறங்கித் தேனுக்குள் முகத்தைப் புதைத்தது.

ராசாங்கம் துப்பாக்கியைத் தாழ்த்தாமல், அடிமேல் அடி வைத்துப் பின்வாங்கினான். போகிற வழியில் வீரணனைக் காலைப் பிடித்துப் புதரிலிருந்து இழுத்துக்கொண்டான். தாயும் குட்டியும் கல்லைப் பளிங்கு மாதிரி நக்கி முடித்தன. பிறகு குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு அந்தத் தாய் மூங்கிலுக்குள் மறைந்தது. இரண்டாவது குண்டு குழலுக்குள்ளேயே இருந்தது.

சவரிமுத்து உச்சியிலிருந்து கயிற்றை விட்டார். தவசி இறங்கிக் கடைசி முழத்தில் கால் தள்ளாடியபோது ராசாங்கம் அணைத்துப் பிடித்துக்கொண்டான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“தேன் போச்சே மாமா” என்றான் ராசாங்கம்.

“தேன் எங்க போகுது? தேனீ நாளைக்கும் கூடு கட்டும்.” தவசி மாப்பிள்ளையின் கை, கால், காது எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். “முழுசா இருக்கீங்கள்ல? அது போதும்.”

கம்பவுண்டர் டிஞ்சர் பாட்டிலைத் திறந்தார். வீரணனின் முதுகில் தைத்திருந்த ஈஞ்ச முள்ளைத் தவிர அவருக்கு வேலை கிடைக்கவில்லை.

எஸ்டேட்டே மேளம் அடித்து வரவேற்றது. கண் போன மனிதர் வந்து ராசாங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. “எந்தத் துப்பாக்கிப்பா?” என்று எல்லோரும் கேட்டார்கள். “துப்பாக்கி கிடக்கட்டும்” என்றான் அவன். “நாம பாக்காத பக்கத்தைப் பாத்து, நம்ம பேரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இருக்கணும். முதல்ல அதைத் தேடிக்கிட்டு, பிறகு தோட்டாவைத் தேடுங்க.”

தவசியின் வேட்டி முடிச்சில் விரல் நீளத்துக்கு ஒரு தேனடை ஒட்டிக்கொண்டிருந்தது. கனகு அதைச் சப்பிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

அடுத்த வாரம் வளைகாப்பு. மைக் கட்டியவன் ராசாங்கமே. முதல் பந்தியில் பெரியப்பாவும் சித்தப்பாவும் இலைக்கு முன்னால் தயாராக இருந்தார்கள். தவசி மைக்கைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார். ஒரு வருஷத்துக்கு முன் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

“மாப்பிள்ளை ராசாங்கம் ஒரு…”

ராசாங்கத்துக்கு ஜமீன்தார் பாய்ந்தபோதுகூட நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளவில்லை.

“…ஒரு அருமையான மெக்கானிக்! அவர் கைபட்ட எந்த மிஷினும் நின்னதில்லை. கல்யாணத்தன்னைக்கு இந்த மைக் செட்டே ரிப்பேராகிக் கிடந்துச்சு. மாப்பிள்ளைக் கோலத்துல அதைச் சரிபண்ணிக் கொடுத்தவரே அவர்தான். அதைத்தான் சொல்ல வந்தேன்!”

சபை சிரித்தது. சரியாக அந்த நேரம் மைக் ‘கூஊஊ’ என்று ஊளையிட்டது. எல்லோரும் ராசாங்கத்தைப் பார்த்தார்கள். அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இருந்த இடத்தை விட்டு அசையாமல், மாமனார் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பேச்சு முடிவதற்குள் சாம்பார் ஆறிவிட்டது.