போட்டு வா

பின்னேரம் மூன்றே முக்காலுக்கே யன்னலில் இருட்டு நின்றது. டிசம்பர் மாதம். நோர்வேயில், அம்மருட் அடுக்குமாடியின் ஏழாம் மாடியில் கிருசாந்தி உலையில் அரிசியைப் போட்டபோது, லிப்ட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

மகள் வினோஜா பள்ளிக்கூடத்தால் வருகிற நேரம்.

லிப்ட் கதவு திறந்தது. காலடிகள் வந்தன. வீட்டு வாசலில் நின்றன.

மணி அடிக்கவில்லை.

வினோஜாவைப் போன மாதம் எரித்தாயிற்று. பழைய மாணவன் ஒருவன் வேட்டைத் துவக்குடன் அவளுடைய பள்ளிக்கூடத்துக்குள் புகுந்தான். வகுப்புக் கதவுகளை உள்ளே பூட்டிக்கொண்டார்கள். பிந்திப் போன வினோஜா வெளியே நின்றாள்.

பிந்தியது கிருசாந்தியால்தான். அன்று காலை மகள் நோர்வே மொழியில் "ஹா தே" என்று விடைசொல்லிவிட்டு லிப்டுக்கு ஓடினாள். கிருசாந்தி கூப்பிட்டு நிறுத்தினாள். போகிறவர் திரும்பி வரவேணும் என்று, போட்டு வாறன் சொல்லாமல் அந்த வீட்டிலிருந்து யாரும் வெளிக்கிட்டதில்லை.

வினோஜா சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். "நான் என்ன கனடாவுக்கே போறன்? சரி அம்மா, போட்டு வாறன்."

"போட்டு வா பிள்ளை."

அதற்குள் லிப்ட் கீழே போய்விட்டது. பிறகு ரயிலும்.

செத்தவீட்டில் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. வந்தவர்கள் பேசாமல் எழும்பிப் போய்விடுவார்கள். கிருசாந்திக்கு அது சிறுவயதிலிருந்தே தெரியும். ஆனாலும் பெட்டியை மூடியபோது அவளுடைய கை மூடியின்மேல் இருந்தது. வாய் தன்பாட்டில் சொன்னது.

போட்டு வா பிள்ளை.

நின்ற சனம் அவளைத் திரும்பிப் பார்த்தது.

அன்று தொடங்கி லிப்ட் வருகிறது.

முதலில் அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. கதவைத் திறந்தால் ஒருவரும் இருப்பதில்லை. குளிரில் நனைந்த கம்பளியின் மணம் மட்டும் நிற்கும். கால்மிதியில் உருகிய பனியும், வழுக்காமல் இருக்கத் தெருவில் கொட்டுகிற சின்னக் கற்களும் கிடக்கும். கற்களைப் பொறுக்கி மகள் பால் குடிக்கும் கோப்பையில் போட்டுவைத்தாள். கணவன் றஜீவுக்குச் சொல்லவில்லை.

கோப்பை நிரம்ப நிரம்பக் காலடிகள் மெதுவாகின. இப்போது ஒரு கால் இழுபடுகிறது. சுவரைப் பிடித்துப் பிடித்து வருவது கேட்கிறது.

இன்று றஜீவ் வேலைக்குப் போகவில்லை. உலை கொதிக்கும் குசினி வாசலில் நின்று அவனும் கேட்டான். கோப்பையைப் பார்த்தான். உள்ளே கிடந்த கல் ஒன்றை எடுத்துப் பார்த்தான்.

"போகச் சொல்லு," என்றான் மெதுவாக. "நீ சொன்னபடியால்தான் வாறாள். பிள்ளை களைச்சுப்போனாள்."

கிருசாந்தி கதவடிக்குப் போனாள். கைபிடி குளிர்ந்து கிடந்தது. போ என்று ஒரு சொல். அதைச் சொன்னால் நாளைக்கு லிப்ட் இந்த மாடியில் நிற்காது.

வாய் திறக்கவில்லை.

கதவின் கீழால் தண்ணீர் கசிந்து அவளுடைய பாதத்தைத் தொட்டது. அந்தப் பக்கத்தில் யாரோ கதவில் முதுகைச் சாய்த்து, அப்படியே சரிந்து நிலத்தில் இருந்தார்கள்.

"அம்மா, கால் நோகுது. நான் போகட்டோ?"