தலைவர் முகத்தின் கீழே மெலிந்த பனி

வாடைக்கோளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் முன் பெற்றோர் கடலின் தடிப்பைக் கேட்பார்கள். பத்து சென்டிமீட்டர் என்றால் நடந்து போகலாம். முப்பது என்றால் பள்ளி வண்டியே கடல்மேல் வரும்.

அன்று காலை அறிவிப்பைக் கேட்ட பனிப் பொறியாளர் தில்லைக்கரசி, கையிலிருந்த குவளையை மேசையில் ஓங்கி வைத்தாள். கடல் முழுக்கப் பனிக்கட்டி நூற்றுப்பத்து சென்டிமீட்டர். வடகரைக்குப் போகும் உறைபாதையில் மட்டும் அறுபது. அதே கடல், அதே குளிர். பாதையில் மட்டும் பனி ஏன் வளர மறுக்கிறது?

வடகரைக் குடியிருப்பின் வெப்ப உலை செத்துக்கொண்டிருந்தது. அங்கே ஐந்து குடும்பங்கள் ஓர் அறையில் ஒட்டிப் படுத்தன. புதிய உலையைச் சுமந்துபோக லாரி தயார். அந்த எடையைத் தாங்க நூறு சென்டிமீட்டர் வேண்டும். பாதைக்கு இருபுறமும் கடல் மேடும் பிளவுமாக உறைந்து கிடந்ததால் விலகி ஓட்டவும் வழியில்லை. பழைய உலை இன்னும் ஒரு மாதம் தாங்கும் என்றார்கள். சொன்னவர்கள் இக்கரையில் இருந்தவர்கள்.

அடியில் வெந்நீரோட்டம் இருக்குமோ என்று தில்லைக்கரசி வெப்பமானியை இறக்கிப் பார்த்தாள். இல்லை. தடிப்பை அளக்கும் எந்திரமான ஊர்வான் பழுதோ என்று பிரித்துப் பார்த்தாள். பழுதில்லை. கடைசியில் லாரி ஓட்டுநர் சூசையோடு தானே கிளம்பினாள். ஊர்வான் முன்னால் ஊர்ந்தது. ஓரிடத்தில் நின்று, பாதை நெடுகப் படுக்கையாக விரித்திருந்த வரவேற்புப் பேனர்களில் ஒன்றின் மூலையைப் பணிவாகத் தூக்கி, துளையிட்டு அளந்து, மூலையை மறுபடி நீவி மூடியது.

“டேய், என்னடா மூடுற?” என்றாள்.

“அலங்காரம். பழுதாகக் கூடாது” என்றது ஊர்வான்.

தில்லைக்கரசி பேனரைப் பார்த்தாள். தினமும் பார்ப்பதுதான். அதனால்தான் அதுவரை பார்க்கவில்லை. இரண்டு பேனர்களுக்கு நடுவே வெறும் பனி தெரிந்த இடத்தில் துளையிட்டாள். நூற்றைந்து. ஓரெட்டு தள்ளி, பேனரில் சிரித்துக்கொண்டிருந்த கோள்தலைவரின் கன்னத்தில் துளையிட்டாள். அறுபது.

“அட பாவிங்களா!”

பனிக்கட்டி மேலிருந்து வளர்வதில்லை, அடியில் வளர்கிறது. அடியில் உள்ள நீர் உறையும்போது வெப்பத்தை விடுகிறது. அந்த வெப்பம் பனிக்கட்டி வழியே ஏறி, மேலே குளிர்ந்த காற்றில் கலந்தால்தான் அடுத்த அடுக்கு உறையும். பனி தடிக்கத் தடிக்க வெப்பம் ஏற வேண்டிய தூரமும் கூடுவதால் வளர்ச்சி மெல்ல மெல்லக் குறையும். இரண்டு மடங்கு தடிக்க நான்கு மடங்கு காலம் பிடிக்கும். இந்த வழியை மேலே அடைத்துவிட்டால்? ஒளிரும் படம் குளிரில் மங்காதிருக்கப் பேனருக்கு அடியில் இரண்டு விரல்கடை நுரைப்பஞ்சு வைத்துத் தைத்திருந்தார்கள். வெப்பத்தைத் தடுப்பதில் அந்தப் பஞ்சு இரண்டு மீட்டர் பனிக்கட்டிக்குச் சமம். கடலுக்குக் கம்பளி போர்த்திவிட்டு, ஏன் குளிரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பேனரைப் படுக்கப் போடுவதற்கும் ஒரு வரலாறு உண்டு. பூமியில் அவற்றை நட்டு நிறுத்தினார்கள். காற்றில் சரிந்து, வழியே போனவர்கள்மேல் விழுந்தன. அதனால் இங்கே குடியேறியவர்கள் கண்டிப்பான சட்டம் போட்டார்கள்: பேனரை நிறுத்தக் கூடாது, படுக்கத்தான் போட வேண்டும். தலைவர்களும் வானத்திலிருந்துதானே இறங்குகிறார்கள்! பேனரே வேண்டாம் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வரவேற்புக் குழுத் தலைவர் பூவராகன் சேதி கேட்டு ஓடிவந்தார்.

“என்னம்மா நீங்க, அவரு மொகத்த மடிச்சு வைக்கச் சொல்றீங்களா?”

“மடிக்க வேணாம். சுருட்டுங்க.”

“உறைபாதையத் தொறந்து வைக்கவே அவரு வர்றாரும்மா.”

“பாதையே இல்லாம எதய்யா தொறப்பாரு?”

பூவராகன் குரலைத் தாழ்த்தினார். “தலைவர் படத்தக்கூட நான் பேசிச் சமாளிச்சுடுவேன். கீழ வரிசையாச் சின்னச் சின்னதா மொகம் இருக்கு பாருங்க, அதுல மூணாவது எம் மருமவன். அத எடுத்தா வீட்டுக்குள்ள போக முடியாது. தெருவுக்கு ஒரு பேனர் போட்டிருக்கோம்ல, மொதல்ல அடுத்த தெருக்காரன எடுக்கச் சொல்லுங்க.”

“சூசை அண்ணே, கொக்கிய மாட்டுங்க!”

“எப்பவோ மாட்டிட்டேன் தாயி” என்றார் சூசை.

பூவராகன் பேனரின் நடுவில் போய் நின்றுகொண்டார். “என்னத் தாண்டி இழுங்க பாப்போம்.”

“அங்க புள்ளைங்க ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக் கெடக்குது. நீங்க மருமவன் படத்துக்குக் காவலா? நில்லுங்க. இங்கயேதான் உலையும் ஏறும். பனி ஒடையறப்பவும் இதே எடத்துல நில்லுங்க!”

லாரி உறுமியது. காலடியில் துணி நகரத் தொடங்கியதும் பூவராகன் குதித்து இறங்கினார். அன்று மாலைக்குள் அத்தனை தெருவின் முகங்களும் கரையில் குவியலாகக் கிடந்தன. மூடியே வைத்திருந்தால் ஏழு வாரம் ஆகியிருக்கும். திறந்த பாதை இரண்டே வாரத்தில் நூறைத் தொட்டது. பனி உடைந்தால் குதிக்கத் தோதாகச் சூசை லாரிக் கதவைத் திறந்து வைத்தபடியே உலையை ஓட்டிப்போய் வடகரையில் இறக்கினார். அன்றிரவு அங்கே ஐந்து குடும்பங்களும் அவரவர் வீட்டில் படுத்தன.

கொண்டுபோனதைவிடப் பெரிய உலை இன்னொன்று அடுத்த வாரம் போக வேண்டியிருந்தது; அதற்குப் பனி இன்னும் தடிக்க வேண்டும். தில்லைக்கரசி பாதையைப் பார்வையிடப் போனாள். கரையை ஒட்டிப் பளபளவென்று புதுப் பேனர் ஒன்று விரிந்து கிடந்தது. ‘பனி காத்த பொறியாளரே, வருக!’ நடுவில் அவள் முகம். கீழே வரிசையில் பூவராகனின் மருமகன்; இந்தமுறை முதலாவதாக.

“பஞ்சக் கூட்டி வெச்சிருக்கோம்மா” என்றார் பூவராகன் பெருமையாக. “உங்க படம் மங்கவே மங்காது.”

படத்தில் அவள் நன்றாகத்தான் இருந்தாள். பத்து வயது குறைத்திருந்தார்கள். கோபத்துக்கு நடுவிலும் அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தேவைக்கு மேல் ஒரு கணம் பார்த்துவிட்டோம் என்பது உறைத்ததும் கோபம் இரட்டித்தது. குனிந்து, தன் முகத்தின் மூலையைப் பிடித்துத் தானே இழுத்தாள்.

பனி தடிக்க வேண்டுமானால் அதன்மேல் எதையும் போடக் கூடாது, எவர் முகமானாலும்.