நீட்டாத தொடப்பம்

பறந்துக்கினு வந்த தட்டான் ஒண்ணு பொத்துனு விழுந்துச்சு. குனிஞ்சு பார்த்தான் மாயவன். ஒடம்பு இருக்குது. றெக்கை ஒண்ணுகூட இல்ல.

"த்தூ, சனியன்"னு காலால தள்ளி வுட்டான்.

அவனுக்கு எல்லாமே எளக்காரம்தான். மூங்கில்துறைப்பட்டு ரோட்டோரம், வூடுங்களுக்குக் குழாயில போற கேஸோட ஹைட்ரஜனைக் கலந்து அனுப்புற யார்டுல ஆபரேட்டர் வேலை. ஹைட்ரஜனுக்கு வாசனை கெடையாது. கசிஞ்சு பத்திக்கினா, பகல்ல அந்த நெருப்பு கண்ணுக்கே தெரியாது. கிட்ட போற வரைக்கும் அனலும் அடிக்காது. அதனால தொடப்பத்தை முன்னால நீட்டிக்கினு நட, அது எரிஞ்சா நின்னுடுன்னு சொல்லிக் குடுத்தாங்க. "ஆம்பளை கையில தொடப்பமா? போயா யோவ்!"னு எகத்தாளம் பேசிட்டு, அதை வூட்டுக்கு எடுத்துக்கினு போய் பொண்டாட்டி செவ்வந்தி கையில குடுத்துட்டான். பெரிய மனுசன்!

இன்னிக்கு இன்ஸ்பெக்சன். ஆபீசர் வர்றதுக்குள்ள தொடப்பத்தை எடுத்துக்கினு வாடின்னு காலைலயே அவளுக்குப் போன் போட்டிருந்தான்.

உச்சி வெயில். சர்க்கரை ஆலைப் பக்கத்துலேந்து பாகு வாசனை கனமா வந்துக்கினு இருந்தது. அதுக்கு நடுவுல, விசில் வர்றதுக்கு முன்னாடி குக்கர் சீறுமே, அந்த மாதிரி ஒரு சத்தம் மெல்லிசா, ஓயாம, குழாய்ங்க பக்கம் எங்கியோ கேட்டுக்கினே இருந்தது. இன்னொரு தட்டான் விழுந்துச்சு. வாசல் கேட்டுக்கும் அவனுக்கும் நடுவுல இருந்த ஒடுக்கமான வழியில, குழாய் மூட்டுக்கு எதிர்ல, தலை ஒசரத்துல இருந்த ஆமணக்கு இலை ஓரத்துலேந்து கறுத்துக்கினு வந்தது. புகை இல்ல. வெளிச்சம் இல்ல.

கசிஞ்ச கேஸ் பத்திக்கினு எரியுதுன்னு புரிஞ்சு, பின்னால நகர்ந்தான். மூடுற வால்வு அந்தப் பக்கம். பின்னால மதில்.

கேட்டு தெறந்தது. செவ்வந்தி. தலை நெறைய கனகாம்பரம். தொடப்பத்தைக் கக்கத்துல இடுக்கி, நுனியைப் பின்னால தள்ளி வச்சிக்கினு வந்தா. மனுசன் மூஞ்சிக்கு நேரா அதை நீட்டுவாங்களா யாராச்சும்?

"நில்லுடி! நெருப்பு!"

"எங்க நெருப்பு? தோ, ஆரம்பிச்சிட்டியா?" சிரிச்சா. பாம்பு பாம்புன்னு கத்தி அவளைத் துள்ள வச்சு வேடிக்கை பார்த்தவன்தானே இவன்.

"சத்தியமா! தொடப்பத்தை முன்னால நீட்டு!"

"அய்ய! கட்டுன புருசனுக்குத் தொடப்பத்தை நீட்டவா? இன்னா பேச்சு பேசற நீ!"

நடந்தா.

கையெடுத்துக் கும்புட்டான். மொத தடவையா. அதையும் கேலின்னுதான் நெனச்சா. ஓடிப் போய் அவளைத் தள்ளணும். கால் நகரல.

இன்னும் ஓரடி.

கருகின இலைக்கு நேரா வந்தா. சிரிப்பு மூஞ்சியிலயே இருந்தது. நெருப்புன்னு ஒண்ணும் தெரியல, வெறும் வெயிலுதான். அவ தலையில இருந்த கனகாம்பரம் மட்டும் ஒவ்வொண்ணா கறுத்துச் சுருண்டுக்கினு வந்தது.